திரையில் தெரியும் வைத்தியரை நம்பலாமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. செங்காங்கில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் அம்மா தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

“நீ அறிவியல் வாத்தியார்தானே? இவரு நல்ல வைத்தியரான்னு பாத்துச் சொல்லுப்பா.”

திரையில் வெள்ளை அங்கி அணிந்த ஒருவர். பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’. பின்னால் மூலிகைச் செடிகள், கல்வம், பழைய ஓலைச்சுவடி. கீழே 4.9 நட்சத்திரம். “90 நாளில் நீரிழிவு வேரோடு போகும், அதன்பிறகு மாத்திரையே வேண்டாம்” என்று ஒரு வரி. பார்ப்பதற்கு நம்பத் தகுந்தவராகத்தான் இருந்தார்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அமிலம், காரம், மின்சுற்று எல்லாம் கற்றுத் தருகிறேன். ஆனால் ஒரு வைத்தியர் உண்மையானவரா என்று எதை வைத்துத் தீர்மானிப்பது?

பேச்சுக் கொடுத்தபோது இன்னொன்று தெரிய வந்தது. அம்மா என்னிடம் கேட்டது மூன்று வாரம் தாமதமாக. மருந்துப் பொட்டலம் ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டது. அதைச் சாப்பிடத் தொடங்கியவர், பலதுறை மருந்தகத்தில் கொடுத்த நீரிழிவு மாத்திரையைத் தாமாகவே பாதியாகக் குறைத்திருந்தார். அன்று காலை வெறும் வயிற்றில் அவருடைய இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 14 மில்லிமோல். வழக்கமாக 7க்குள் வைத்திருப்பவர் அவர்.

மாணவர்களே, இந்தக் கதை எங்கள் வீட்டோடு முடிவதில்லை. தாத்தாவும் பாட்டியும் “இதைக் கொஞ்சம் தேடிக் குடு” என்று கைப்பேசியைக் கொடுப்பது பெரும்பாலும் உங்களிடம்தான். ஆகவே தேடும் முறை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதற்கு ஆயுர்வேதம் படித்திருக்க வேண்டியதில்லை. அறிவியல் வகுப்பில் நாம் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரே கேள்வி போதும்: இவர் சொல்வதை, இவரைச் சாராத வேறோர் இடத்தில் சரிபார்க்க முடியுமா?

முதலில் ஆளைச் சரிபார்ப்போம்

சிங்கப்பூரில் ஒரு மருத்துவர் உண்மையானவரா என்று அறிய ஒரு நிமிடம் போதும். சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடலாம். சீன மருத்துவர்களுக்கும் அப்படி ஒரு பதிவேடு உண்டு. 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பாரம்பரிய சீன மருத்துவர்கள் சட்டத்தின்படி, பதிவு பெறாத ஒருவர் இங்கு சீன மருத்துவம் பார்க்க முடியாது.

ஆயுர்வேதத்திற்கும் சித்த மருத்துவத்திற்கும் சிங்கப்பூரில் அத்தகைய சட்டப்படியான பதிவேடு இல்லை. பலருக்கும் தெரியாத செய்தி இது. லிட்டில் இந்தியாவில் ஒரு கடையின் மாடியில் ‘ஆயுர்வேத ஆலோசனை’ என்று பலகை தொங்கினால், உள்ளே இருப்பவர் ஐந்தரை ஆண்டு படித்தவராகவும் இருக்கலாம். சில வாரப் பயிற்சி எடுத்தவராகவும் இருக்கலாம். பலகையைப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

இங்கே பதிவேடு இல்லாவிட்டால் அவர் படித்த நாட்டின் பதிவேட்டைத் தேட வேண்டும்.

இந்தியாவில் ஆயுர்வேதப் பட்டம் பி.ஏ.எம்.எஸ்.; சித்த மருத்துவப் பட்டம் பி.எஸ்.எம்.எஸ். இரண்டும் நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியும் சேர்ந்து ஐந்தரை ஆண்டு. நம் வீடுகளில் இரண்டையும் ‘நாட்டு மருந்து’ என்று ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அவை தனித்தனி முறைகள், தனித்தனிப் படிப்புகள். சென்னைத் தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் சித்த மருத்துவத்துக்கென்றே அமைந்தது.

இந்தப் படிப்புகளை 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மருத்துவ மத்தியக் கவுன்சில் முன்பு மேற்பார்வையிட்டது. 2020ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, அந்தப் பொறுப்பு இந்திய மருத்துவ முறைக்கான தேசிய ஆணையத்திடம் வந்தது. படித்து முடித்தவர் மாநிலப் பதிவேட்டில் பெயரைப் பதிந்து ஓர் எண் பெற வேண்டும். இலங்கையில் 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டத்தின்படி பதிவு நடக்கிறது. பக்கத்தில் மலேசியா 2016ஆம் ஆண்டில் பாரம்பரிய மருத்துவத்துக்கென ஒரு சட்டம் இயற்றி, இந்தியப் பாரம்பரிய மருத்துவத்தையும் அதில் சேர்த்துக்கொண்டது.

எனவே வைத்தியரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி எளிமையானது: “உங்கள் பட்டம் என்ன? எந்தக் கல்லூரி? எந்த மாநிலப் பதிவு, எண் என்ன?” விடை கிடைத்ததும் அதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அந்தப் பதிவேட்டில் தேடுங்கள். இணையத்தில் அகப்படாவிட்டால் அந்த மாநில வாரியத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம். சுவரில் மாட்டிய சான்றிதழை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். பதிவேடு அவர் கையில் இல்லாத ஆவணம். அதன் மதிப்பே அதில்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். பதிவு எண் இருந்தால் அவர் முறையாகப் படித்தவர் என்பது மட்டுமே உறுதியாகிறது. அவர் தரும் ஒவ்வொரு மருந்தும் வேலை செய்யும் என்பது அதிலிருந்து கிடைக்காது. அது வேறு கேள்வி. ஒரு சோதனையின் முடிவை இன்னொரு கேள்விக்கு விடையாக எழுதினால் நான் மதிப்பெண் குறைப்பேன் என்பது என் மாணவர்களுக்குத் தெரியும்!

அடுத்து, அவர் சொல்வதைச் சரிபார்ப்போம்

அம்மா காட்டிய விளம்பரத்தைத் திரும்பப் பாருங்கள். “நீரிழிவு வேரோடு போகும்.” இந்த ஒரு வரியை வைத்தே அவரை ஒதுக்கியிருக்கலாம். மருத்துவ அறிவுகூடத் தேவையில்லை.

சிங்கப்பூரில் நீரிழிவு, புற்றுநோய், உயர் இரத்த அழுத்தம், சிறுநீரக நோய் உள்ளிட்ட 19 நோய்களையும் உடல்நிலைகளையும் குணப்படுத்தும் என்று பாரம்பரிய மருந்துகளை விளம்பரம் செய்யச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. இந்தியாவிலும் 1954ஆம் ஆண்டிலேயே இதற்கொரு சட்டம் வந்துவிட்டது. அதன் பட்டியலில் நீரிழிவு உட்பட 54 நோய்கள் இருக்கின்றன. ஆக, நீரிழிவைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்பவர் இரு நாட்டுச் சட்டங்களையும் மீறுகிறார். முதல் வரியிலேயே சட்டத்தை மீறுபவர், மருந்துப் பொடியில் என்ன கலக்கிறார் என்பதில் மட்டும் கவனமாக இருப்பாரா?

ஏன் இந்த நோய்களை மட்டும் பட்டியல் போட்டார்கள்? இவற்றில் தாமதம் ஆபத்து. சளிக்கு வேலை செய்யாத கஷாயம் குடித்தாலும் ஒரு வாரத்தில் சளி போய்விடும். நீரிழிவுக்கு வேலை செய்யாத மருந்தைக் குடித்தால், அந்தக் காலம் முழுவதும் கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் சேதப்பட்டுக்கொண்டிருக்கும்.

“ஆனால் அவர் ரொம்பப் பிரபலமானவர் ஆச்சே” என்று வீட்டில் சொல்வார்கள். அதற்கும் அண்மையில் ஒரு பாடம் கிடைத்தது. இந்தியாவில் வீட்டுக்கு வீடு தெரிந்த பதஞ்சலி நிறுவனத்தின் விளம்பரங்களை எதிர்த்து இந்திய மருத்துவச் சங்கம் 2022இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2024 பிப்ரவரியில் நீதிமன்றம் அந்நிறுவனத்தின் மருந்து விளம்பரங்களுக்குத் தடை போட்டது. ஏப்ரலில் பல நாளிதழ்களில் அந்நிறுவனம் பொது மன்னிப்பு வெளியிட்டது. மன்னிப்பை ஏற்று, ஆகஸ்ட்டில் நீதிமன்றம் அவமதிப்பு நடவடிக்கையை முடித்துவைத்தது. தெரிந்த முகம் ஒன்று சொல்கிறது என்பது ஆதாரமாகாது. இப்போது பிரபல மருத்துவர்களின் முகத்தையும் குரலையும் கணினியில் போலியாகச் செய்தே விளம்பரம் தயாரிக்கிறார்கள். முகம் என்ற சான்று இன்னும் மலிந்துவிட்டது.

நட்சத்திரங்கள் என்ன சொல்கின்றன?

சரி, 4.9 நட்சத்திரம்? நூற்றுக்கணக்கானோர் குணமானதாக எழுதியிருக்கிறார்களே?

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். மூட்டுவலிக்கு ஒரு மருந்தை 1,000 பேர் வாங்குகிறார்கள். அந்த மருந்தில் வெறும் மாவுதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூட்டுவலி ஏறும், இறங்கும். மனிதர்கள் மருந்து தேடுவது வலி உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்தில் இருப்பது பிறகு பெரும்பாலும் இறங்கத்தான் செய்யும். ஆகவே ஒன்றும் செய்யாமலே 300 பேருக்கு வலி குறைகிறது. அவர்களில் 100 பேர் மகிழ்ச்சியில் ஐந்து நட்சத்திரம் போடுகிறார்கள். வலி குறையாத 700 பேரில் பெரும்பாலோர் “போகட்டும்” என்று பொட்டலத்தைக் குப்பையில் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். ஐந்து பேர் மட்டும் கோபத்தில் ஒரு நட்சத்திரம் போடுகிறார்கள். சராசரி என்ன வரும்? போட்டுப் பாருங்கள்: 4.8!

யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் மாவுக்கு 4.8 நட்சத்திரம் கிடைத்துவிட்டது. நம் கண்ணில் படாத 895 பேர்தான் இதற்குக் காரணம். இதனால்தான் மருந்து ஆய்வுகளில், மருந்து கொடுத்த குழுவோடு மருந்து கொடுக்காத ஒரு குழுவையும் வைத்து, இரண்டிலும் எல்லாரையும் எண்ணுகிறார்கள்.

பழைய மருத்துவமும் இந்தச் சோதனையில் தேறியிருக்கிறது. இந்தியாவில் நெடுங்காலமாகப் பயன்பட்ட சர்ப்பகந்தி வேரை மும்பை இதயநோய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் உயர் இரத்த அழுத்த நோயாளிகளிடம் முறையாகச் சோதித்து, 1949இல் ஓர் ஆங்கிலேய மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார். 1952இல் அந்த வேரிலிருந்து ரிசர்பின் என்ற வேதிப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. உலகெங்கும் இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்பட்ட தொடக்ககால மருந்துகளில் அதுவும் ஒன்று. அதோடு அதன் பக்கவிளைவுகளும் தெரிய வந்தன. சோதனை என்பது பாராட்டுப் பத்திரம் இல்லை, நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே காட்டும்.

புட்டிக்குள் என்ன இருக்கிறது?

ஆயுர்வேதத்தில் ரசசாஸ்திரம் என்றொரு பிரிவு உண்டு. உலோகங்களையும் கனிமங்களையும் மூலிகைகளோடு சேர்த்துப் பக்குவம் செய்து மருந்தாக்குவது அதன் வேலை. பஸ்பம் என்பது அப்படிப்பட்டது. சித்த மருத்துவத்தில் பற்பம், செந்தூரம் என்பார்கள். முறையாகப் பக்குவம் செய்தால் உலோகத்தின் நஞ்சு நீங்கிவிடும் என்பது அந்த மரபின் நம்பிக்கை. இதை நம்புவதா வேண்டாமா என்று வாதிடுவதைவிட ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்ப்பது மேல்.

அமெரிக்காவில் ராபர்ட் சேப்பர் என்ற மருத்துவரின் குழு அதைச் செய்தது. இணையத்தில் விற்கப்பட்ட 193 ஆயுர்வேதப் பொருள்களை வாங்கிச் சோதித்து, 2008இல் முடிவை வெளியிட்டது. அவற்றில் 20.7 விழுக்காட்டில், அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில், ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ரசசாஸ்திர மருந்துகளில் 40.6 விழுக்காடு, மற்றவற்றில் 17.1 விழுக்காடு. இந்தியாவில் தயாரானவற்றுக்கும் அமெரிக்காவில் தயாரானவற்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உலோகம் இருந்தவற்றில் 75 விழுக்காடு, ‘நல்ல உற்பத்தி முறையில் தயாரித்தது’ என்று விளம்பரம் செய்யப்பட்டவை!

ஈயம் உடலுக்குள் போனால் என்ன ஆகும்? வேதியியல் பாடத்தை நினைத்துப் பாருங்கள். கால்சியம் அயனிக்கும் ஈய அயனிக்கும் மின்னூட்டம் ஒன்றே: நேர் இரண்டு. அதனால் உடல் ஏமாந்துபோகிறது. கால்சியம் போக வேண்டிய இடங்களுக்கு ஈயம் போகிறது. எலும்பில் புகுந்து பல ஆண்டுகள் தங்குகிறது. நரம்பு உயிரணுக்கள் ஒன்றோடொன்று பேசும் வேலையைக் கெடுக்கிறது. வளரும் குழந்தையின் மூளைக்கு இது பெரிய கேடு. கருவுற்ற தாயின் உடலில் இருக்கும் ஈயம் குழந்தைக்கும் போய்ச் சேரும்.

நியூயார்க் நகரில் 2011, 2012ஆம் ஆண்டுகளில் கருவுற்ற ஆறு பெண்களின் இரத்தத்தில் ஈயம் மிகுந்திருந்தது. நகரின் சுகாதாரத் துறை காரணத்தைத் தேடியபோது, அவர்கள் சாப்பிட்ட, இந்தியாவில் தயாரான பத்து ஆயுர்வேத மருந்துகள் கிடைத்தன. சிலவற்றில் ஈயத்தின் பங்கு 2.4 விழுக்காடு வரை இருந்தது.

2.4 விழுக்காடு என்றால் சிறியதாகத் தோன்றுகிறதா? கணக்குப் போடுவோம். மூலிகை மருந்தில் ஈயத்துக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவு மில்லியனில் 10 பங்கு. இந்திய ஆயுர்வேத மருந்துத் தரநூலும் அதே அளவைத்தான் சொல்கிறது. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் இது 0.005 மில்லிகிராம். ஆனால் 2.4 விழுக்காடு ஈயம் இருந்தால் அதே மாத்திரையில் 12 மில்லிகிராம். அனுமதித்ததைப்போல் 2,400 மடங்கு!

“அப்படியானால் இங்கே விற்பதை அரசாங்கம் சோதிக்காதா?” என்று கேட்பீர்கள். சிங்கப்பூரில் சுகாதார அறிவியல் ஆணையம் மருந்துகளைக் கண்காணிக்கிறது. நச்சு உலோகங்களுக்கு உச்ச அளவு வைத்திருக்கிறது. மீறும் பொருள்களை அறிவித்து விற்பனையிலிருந்து விலக்குகிறது. ஆனால் இந்தியப் பாரம்பரிய மருந்துகள் கடைக்கு வருமுன் அதன் ஒப்புதலைப் பெற வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பாதுகாப்புக்கு விற்பவரே பொறுப்பு. வெளிநாட்டிலிருந்து நேராக வீட்டுக்கு வரும் பொட்டலத்துக்கோ இங்கே பொறுப்பேற்க யாருமே இல்லை. ஆகவே பெயர், சேர்மானம், தயாரித்தவர் முகவரி, தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவை அச்சிடப்படாத எந்தப் பொட்டலமும் வேண்டாம்.

உலோகம் இல்லாத வெறும் மூலிகையும் எப்போதும் சாது இல்லை. தொண்டைக்கு நல்லதென்று நாம் மெல்லும் அதிமதுரத்தை நாள்தோறும் நிறையச் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். வேலை செய்யும் சக்தி உள்ள பொருளுக்கு வேண்டாத வேலை செய்யும் சக்தியும் உண்டு.

வைத்தியரைக் கேளுங்கள், அவர் கேட்பதையும் கவனியுங்கள்

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு, வீட்டில் யாராவது தேடச் சொன்னால் இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி விடை தேடுங்கள்:

1. பட்டம், கல்லூரி, பதிவு எண் சொல்கிறாரா? பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா?

2. நாள் கணக்குச் சொல்லி முழுக் குணம் என்று உறுதி தருகிறாரா? தந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

3. நோயாளி ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளைக் கேட்கிறாரா? கேட்காதவரிடம் போக வேண்டாம். “அந்த மாத்திரையை நிறுத்துங்கள்” என்பவரிடம் போகவே வேண்டாம்.

4. மருந்தில் என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்று எழுதித் தருகிறாரா? ‘குடும்ப ரகசியம்’ என்பது விடையாகாது.

5. எந்த நோய்க்கு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவரா? தம் எல்லை தெரிந்தவரே நல்ல வைத்தியர்.

அம்மாவின் கதைக்கு வருவோம். மறுநாளே பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு இருவரும் பலதுறை மருந்தகத்துக்குப் போனோம். மருத்துவர் திட்டவில்லை. “எதைச் சாப்பிட்டாலும் எங்களிடம் சொல்லிவிடுங்கள் அம்மா” என்றார். இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். ஈயம் பயப்படும் அளவில் இல்லை. அம்மாவுக்குக் கேடு செய்தது அவர் சாப்பிட்டதைவிட, சாப்பிடாமல் விட்டதுதான். பழைய மாத்திரை பழைய அளவில் தொடர்ந்தது. சில வாரங்களில் சர்க்கரை இறங்கிவிட்டது.

அம்மாவுக்கு முழங்கால் வலியும் உண்டு. எண்ணெய் பூசிப் பிடித்துவிட்டால் அவருக்கு இதமாக இருக்கும். அதை ஏன் மறுக்க வேண்டும்? செங்காங்கிலிருந்து வடகிழக்குப் பாதையில் ஒன்பதாவது நிலையம் லிட்டில் இந்தியா. சென்ற மாதம் அங்கே ஒரு வைத்தியரைப் பார்க்கப் போனோம். கையில் அந்த ஐந்து கேள்வித் தாள். பதிவு எண்ணைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அவர் சிரித்துக்கொண்டே தம் எண்ணையும் மாநிலத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு, “வீட்டுக்குப் போய்ப் பாருங்க, பார்த்துட்டு அடுத்த வாரம் வாங்க” என்றார். பிறகு அம்மா பக்கம் திரும்பி, “என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?” என்று கேட்டார்.

அம்மா தம் பையிலிருந்து மருந்துப் பட்டியலை எடுத்துக் கொடுத்தார். அதை அவரே எழுதி வைத்திருந்தார்.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் இருக்கும் ஏதாவதொரு பாரம்பரிய மருந்துப் புட்டியை எடுங்கள். அதில் சேர்மானம், தயாரித்தவர் முகவரி, தொகுதி எண், காலாவதி நாள் நான்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு ஒரு கணக்கு: 250 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் ஈயம் மில்லியனில் 10 பங்கு இருந்தால், நாளுக்கு நான்கு மாத்திரை சாப்பிடுபவர் 30 நாளில் எவ்வளவு ஈயத்தை விழுங்குவார்? விடையை மில்லிகிராமில் எழுதுங்கள். எழுதியதை வீட்டுப் பெரியவர்களிடம் காட்டுங்கள்.